சுழலும் அலமாரிக்கு அந்தப் பக்கம்

அண்ணையும் நானும் ஒன்பது வருஷம் கதைக்கவில்லை. கடலுக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் இருந்துகொண்டு போட்ட கோபம் இல்லை இது. அவர் கர்க்லாண்டில், நான் சென்ட் லோரன்ட்டில். காரில் ஏறினால் இருபது நிமிஷம். மொன்றியலில் எங்கள் சனத்தின் எந்த வைபவத்துக்குப் போனாலும் ஆளை ஆள் காணாமல் தப்ப முடியாது. அவர் மண்டபத்தின் வலப்பக்கம் இருந்தால் நான் இடப்பக்கம். செத்தவீட்டில் அவர் உள்ளே நுழைந்தால் நான் குளிரையும் பாராமல் கார் பார்க்கில் போய் நிற்பேன். பழகப் பழக அதுவும் ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது.

எல்லாம் என் மகளின் கல்யாணக் கார்ட்டால் வந்த வினை. எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணம் என்றால் புருஷனும் பெண்சாதியுமாக வீடு வீடாகப் போக வேண்டும். கதிரையில் இருந்து, தேத்தண்ணீர் குடித்து, கையில் கார்ட்டைக் கொடுத்து, வாயால் சொல்ல வேண்டும். சும்மா அனுப்பிவைத்தால் அது அழைப்பில் சேராது. அதிலும் முதல் கார்ட் வீட்டுக்குப் பெரியவருக்கு. அப்பா போன பிறகு எனக்குப் பெரியவர் என்றால் அண்ணைதான்.

நான் என்ன செய்தேன்? ஒரு பெப்ரவரி மாலை, தனியாகப் போய், கர்க்லாண்ட் வீட்டுக் கதவோரம் இருந்த தபால் பெட்டிக்குள் கார்ட்டைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மனைவிக்கு அன்று ஆஸ்பத்திரியில் வேலை. மூன்றாம் நாள் போன் எடுத்து, "அண்ணை, வந்தனான், மூண்டு தரம் பெல் அடிச்சனான், ஆக்கள் இல்லை" என்றேன். "ஓம், பெட்டிக்குள்ளை கிடந்தது. சந்தோஷம்" என்றார். போனை வைத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு அண்ணையும் வரவில்லை, அண்ணியும் வரவில்லை. முன்வரிசையில் இரண்டு கதிரைகள் சும்மா கிடந்தன. தாலி கட்டுகிற நேரத்திலும் மகள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இனி அந்த வீட்டு வாசலை மிதிக்கிறேனா பார் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். ஆட்கள் இல்லாத வீட்டில் கார்ட்டை வைத்ததற்கு இவ்வளவு ரோஷமா என்று கேட்டவர்கள் எல்லோரும் என் பக்கம்.

ஆனால் உண்மை அதுவல்ல. அன்று அந்த வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். கார் நின்றது. மேல்மாடியில் லைட் எரிந்தது. நான் பெல்லுக்கு நேரே விரலை நீட்டிக்கொண்டு நின்றேன், அழுத்தவில்லை. மகள் கட்டுவது வெள்ளைக்காரப் பெடியனை, இங்கேயே பிறந்து வளர்ந்த பிரெஞ்சுக்காரனை. அதைக் கேள்விப்பட்ட அன்று அண்ணை "பிள்ளையளைச் சொல்லுக் கேக்க வளர்க்கத் தெரியாது உனக்கு" என்று போனில் சொல்லியிருந்தார். கார்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு இன்னும் ஒரு சொல் சொன்னாரென்றால் நான் பத்துச் சொல்லுவேன், அந்த வாய் எனக்கு. அந்தப் பயத்தில்தான் பெட்டிக்குள் போட்டேன். மனைவிக்குக்கூட இதைச் சொல்லவில்லை. பொய்யை ஒருமுறை சொன்னால் பிறகு அதைத் தூக்கிக்கொண்டுதான் திரிய வேண்டும்.

பெண்கள் இரண்டுபேரும் எங்களைப்போல விசரர்கள் இல்லை. நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற அத்தனை வருஷமும் அவர்கள் கதைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். என் மனைவி சென்ட் லோரன்ட் சோபாவிலும் அண்ணி கர்க்லாண்ட் சோபாவிலும் இருந்துகொண்டு, போனைக் காதில் வைத்தபடி, ஒரே நேரத்தில் ஒரே துருக்கி நாடகத்தைப் பார்ப்பார்கள். அழவேண்டிய இடத்தில் இரண்டு வீட்டிலும் அழுகை. அந்த நாடகங்களில் வருகிற மலையோரத்து மரவீடுகளை நேரே பார்க்க வேண்டும் என்று எப்போது முடிவெடுத்தார்களோ, எனக்குத் தெரியாது. மனைவி ஒருநாள் டிக்கெட்டை நீட்டி, "பன்னிரண்டு நாள். சாமானை அடுக்குங்கோ" என்றாள்.

டோர்வல் விமான நிலையத்தில் வரிசையில் நின்றபோதுதான் விஷயம் விளங்கியது. எங்களுக்கு முன்னால் ஒரு நீலச் சூட்கேஸ். அதைப் பிடித்தபடி என் அண்ணை. அவரும் என்னைக் கண்டார். உடனே அண்ணியைப் பார்த்தார். அண்ணி கூரையைப் பார்த்தாள். என் மனைவி தன் பாஸ்போட்டில் இருந்த படத்தை அன்றுதான் முதன்முதலில் காண்பதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உமக்கு இது தெரியுமோ?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, காசு திரும்பித் தரமாட்டாங்கள். பேசாமல் வாங்கோ" என்றாள்.

துருக்கியில், இருபத்தெட்டுப் பேர் இருந்த சுற்றுலா பஸ்ஸில் தமிழர் நாங்கள் நான்கு பேர்தான். மற்றதெல்லாம் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கெபெக்காரர். அதனால் தமிழில் கதைப்பதற்கு எனக்கு இரண்டு பெண்களும், அண்ணைக்கு அதே இரண்டு பெண்களும். கதையெல்லாம் சுற்றுவழியில் போய் வந்தது. "தங்கச்சி, உம்மடை ஆளிட்டைச் சொல்லும், காலை நீட்டி வழியை மறைக்க வேண்டாமெண்டு" என்பார் அண்ணை என் மனைவியிடம், நான் ஒரு கை தூரத்தில் இருக்கும்போது. நான் மனைவியிடம், "கேளும் உம்மடை அத்தானை, பஸ் அவற்றை பேரிலையோ எழுதியிருக்கெண்டு" என்பேன். பக்கத்து இருக்கை மதாம் ஒருத்தி இதை நாலு நாளாகப் பார்த்துவிட்டு, எங்களில் ஒருவருக்குக் காது கேட்காதென்று நினைத்துவிட்டாள். பாவம், என்னிடம் மிகவும் சத்தமாக போன்ஜூர் சொல்லத் தொடங்கினாள்.

அந்த மலையோரத்து ஊருக்கு ஐந்தாம் நாள் போனோம். இதை எழுதுகிறபோதும் அது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஒட்டோமான் சுல்தான்களின் காலத்தில் வணிகர்கள் கட்டிய ஊராம். பள்ளத்தாக்கில் கடைத்தெருவும் ஹமாம் என்கிற குளியல் மண்டபமும். அங்கிருந்து சரிவெல்லாம் வீடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. கீழே கருங்கல், மேலே மரச்சட்டமும் வெள்ளைச் சுண்ணாம்பும். மேல்மாடி மட்டும் தெருவுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். சிவப்பு ஓடு. கல் பாவிய ஒழுங்கைகள் அப்படி ஒரு ஏற்றம், என் முழங்கால் இரண்டாவது திருப்பத்திலேயே அழத் தொடங்கிவிட்டது.

எங்களைக் கூட்டிப்போனவள் அந்த ஊர்ப் பெண். பாரிஸ் பிரெஞ்சு பேசினாள். எங்கள் கெபெக்காரர் பேசியது அவளுக்குப் பாதிதான் விளங்கியது. ஒரு மேட்டில் நிறுத்தி, கையை வீசிக் காட்டினாள். இங்கே எந்த வீடும் மற்ற வீட்டின் ஜன்னலை மறைத்துக் கட்டப்படவில்லை, அது இந்த ஊரின் மரியாதை என்றாள். அண்ணை மலையைப் பார்த்தபடி, ஆனால் எனக்குக் கேட்கும்படி, "மனுசன் மனுசனுக்கு மரியாதை குடுக்கத் தெரிஞ்ச காலம்" என்றார். யாருக்குக் குத்துகிறார் என்று தெரியாதா எனக்கு? வாயைத் திறக்கப் போனேன். மனைவி குங்குமப்பூப் போட்ட லொக்கும் என்கிற துருக்கி இனிப்பில் ஒரு துண்டை என் வாய்க்குள் திணித்துவிட்டாள். தொதலைப்போல இழுபட்டது. ஒரு நிமிஷத்துக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை.

கடைசியாக ஒரு பெரிய வீட்டைப் பார்க்கப் போனோம். இப்போது அது காட்சிக்கு வைத்த வீடு. வாசலில் சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை போடச் சொன்னார்கள். அண்ணி, "சப்பாத்தைக் கழட்டினால் முடிஞ்சுது, இதென்ன கூத்து" என்று வெறுங்காலுடன் நடந்தாள். உள்ளே காலடி வைத்ததும் ஒரு மணம். பழைய மரத்தின் மணம், வெயில் பட்டுக் காய்ந்த பைன் மணம். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அது என் அண்ணையின் ஜாக்கெட் மணம். நாங்கள் மொன்றியலுக்கு வந்த புதிதில் கோட்-டெ-நெய்ஜில் ஒரு அறை அபார்ட்மென்ட், இரண்டு பேருக்கும் ஒரு மெத்தை. அண்ணை குசினி அலமாரி செய்கிற பட்டறையில் வேலை. பின்னேரம் வீட்டுக்கு வரும்போது தலைமயிர், காது மடல், ஜாக்கெட் பை எல்லாம் மரத்தூள். நான் கோழிக்கறி வைத்து, பாண் வெட்டி வைத்துக்கொண்டிருப்பேன். கதவருகில் நின்று ஜாக்கெட்டை உதறுவார். உதறிவிட்டு, "டேய், மணக்குது, என்ன கறி?" என்பார். ஒவ்வொரு நாளும் அதே கோழிதான், ஒவ்வொரு நாளும் அதே கேள்விதான். கதைக்காமல் இருந்த ஒன்பது வருஷத்தில் நான் அந்தக் கேள்விக்காக எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்பது அந்த வீட்டு வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. ஏன் நிற்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். லொக்கும் தொண்டையில் சிக்கிக்கொண்டது என்றேன்.

முதல் மாடியில் இரண்டு அறைகள் ஒட்டியபடி இருந்தன. ஒன்று வெளி ஆண்களை இருத்துகிற அறை, மற்றது வீட்டுப் பெண்களின் பக்கம். நடுச்சுவரில் ஒரு ஆள் உயர மர அலமாரி, உருளையாக. எங்களைக் கூட்டிப்போன பெண் அதைத் தள்ளினாள், அது சுழன்றது. பெண்கள் அந்தப்பக்கத்தில் சோற்றையும் கறியையும் தட்டுகளில் அடுக்கிச் சுழற்றிவிடுவார்களாம். ஆண்கள் இந்தப்பக்கத்தில் எடுத்துக்கொள்வார்களாம். முகம் தெரியாது, கைகூடத் தெரியாது. கெபெக்காரர் எல்லோரும் ஓ, ஆ என்று படம் எடுத்தார்கள்.

என் மனைவி அண்ணியிடம், "அக்கா, இதிலை ஒண்டு எனக்கு வேணும். உவரின்ரை முகத்தைப் பாக்காமல் சோறு போடலாம்" என்றாள். அண்ணி, "எனக்கு ரெண்டு" என்றாள்.

பிறகு எல்லோரும் மணப்பெண் அறையைப் பார்க்க மேல்மாடிக்கு ஏறினார்கள். எனக்கு இனி ஒரு படியும் ஏலாது. ஆண்கள் அறையில், ஜன்னலோரம் சுவரைச் சுற்றிப் போட்டிருந்த தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே எதிர்ச்சரிவு வீடுகளின் ஜன்னல்கள் எல்லாம் என்னைப் பார்த்தன. மேலே சனத்தின் காலடி தடதடத்தது.

அப்போது அலமாரி தானாகச் சுழன்றது.

பயந்துபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும். மெல்லக் கிரீச்சிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பி நின்றது. நடுத் தட்டில் ஒரு திறப்புக்கொத்து, வீட்டுச் சாவியும் கார்ச் சாவியுமாக. அதில் ஒரு குட்டி அளவுநாடா தொங்கியது. திறப்புக்கொத்தில் அளவுநாடாவைக் கட்டிக்கொண்டு திரிகிற ஆள் எனக்குத் தெரிய இந்த உலகத்தில் ஒருவர்தான். முப்பது வருஷம் அலமாரி செய்த மனுசன். ஓர் அலமாரியைக் கண்டால் அதன் அடியையும் முடியையும் பார்க்காமல் நகரமாட்டார். கையில் இருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு, எப்படிச் சுழல்கிறது என்று இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்திருக்கிறார்.

நான் கொத்தைக் கையில் எடுத்தேன். அலமாரி திரும்பவும் அந்தப்பக்கம் சுழன்றது.

"அட, திறப்பு எங்கை போச்சுது?" என்றது சுவருக்கு அந்தப்பக்கம்.

அலமாரியை என் பக்கம் இழுத்து, கொத்தைத் தட்டில் வைத்து, மெதுவாகத் தள்ளிவிட்டேன். அது போய் நின்றது. கொத்தை எடுத்த சத்தம் கேட்டது.

"ஆரது?"

"நான்தான் அண்ணை."

போய்விடுவார் என்று நினைத்தேன். காலடிச் சத்தம் கேட்கும் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. மரத்துக்கு அந்தப்பக்கம் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"முழங்கால் எப்பிடி?" என்றார் கடைசியில்.

"பரவாயில்லை."

"பரவாயில்லையோ? நாலு நாளாப் பாக்கிறன், இழுத்து இழுத்து நடக்கிறாய். ஒரு தைலம் கியிலம் பூசமாட்டியோ?"

"பூசுறனான்."

"என்னத்தைப் பூசுறாய்" என்றார் சலித்துக்கொண்டு. மேலே கெபெக்காரர் எதற்கோ கைதட்டிச் சிரித்தார்கள். இன்னும் ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிடுவார்கள். இறங்கினால் நாங்கள் மறுபடியும் அந்தப் பஸ்ஸில் ஏறி, பெண்களின் வாயால் கதைக்கிற இரண்டு கிழட்டு ஆண்களாகத்தான் இருப்போம். முகத்துக்கு நேரே என்றால் என் ரோஷம் எழும்பியிருக்கும். எனக்கு முன்னால் இருந்தது வெறும் பலகை.

"அண்ணை, அண்டைக்கு நான் பெல் அடிக்கேல்லை" என்றேன். "மூண்டு தரம் அடிச்சனான் எண்டு சொன்னது பொய். லைட் எரிஞ்சது கண்டனான். நீங்கள் ஏதும் சொல்லிப்போடுவியளெண்டு பயத்திலை பெட்டிக்குள்ளை போட்டிட்டு ஓடினனான்."

சொல்லி முடித்ததும் வேர்த்துவிட்டது. ஒன்பது வருஷம் தூக்கின பாரம் இறங்கியது என்றெல்லாம் இல்லை, இப்போது திட்டு விழப்போகிறது என்றுதான் தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"தெரியும்" என்றார் அண்ணை.

"என்ன தெரியும்?"

"நீ பெல் அடிக்கேல்லையெண்டு தெரியும். நான் மேலை ஜன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். உன்ரை கார் வந்து நிக்குது. நீ இறங்கிறாய். கையிலை கார்ட்." திறப்புக்கொத்து கிலுங்கியது. "உன்ரை அண்ணியிட்டை, தேத்தண்ணிக்குத் தண்ணி வை, தம்பி கலியாணம் சொல்ல வாறான் எண்டு சொல்லிப்போட்டு, நான் வேட்டி கட்டப் போனனான்."

"வேட்டியோ?"

"பின்னை? எங்கடை வீட்டு முதல் கலியாணம். வீட்டிலை போடுற காற்சட்டையோடை வாங்கிறதோ கார்ட்டை? எப்பவோ கட்டின வேட்டி, இடுப்பிலை நிக்குதில்லை. பெல்ட்டைத் தேடி, அதைக் கட்டி... நீ பெல் அடிப்பாய் அடிப்பாய் எண்டு காதைக் குடுத்துக்கொண்டு கட்டினனான். சத்தத்தைக் காணேல்லை. இறங்கி வந்து கதவைத் திறந்தால், உன்ரை காரின்ரை பின் லைட் சந்தியிலை திரும்புது."

நான் அலமாரியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பெடியனைப் பற்றி நான் சொன்னது பிழைதான்" என்றார். "அதை உனக்கு நேரே சொல்லவேணுமெண்டுதான் வேட்டி கட்டினனான். பேந்து வேட்டியோடை சினோப் பனியிலை இறங்கி நிண்டு, தபால் பெட்டிக்குள்ளை கையை விட்டு என்ரை தம்பியின்ரை பிள்ளையின்ரை கார்ட்டை எடுக்கிறன். எதிர்வீட்டு வெள்ளைக்காரன் சினோ அள்ளுற சவளோடை நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறான். எனக்குக் கோபமில்லையடா தம்பி. வெக்கமாப் போச்சுது. இதை ஒருத்தரிட்டையும் சொல்லாதை எண்டு உன்ரை அண்ணியிட்டைச் சத்தியம் வாங்கினனான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. என் அண்ணை அழுது நான் பார்த்ததில்லை, அப்பா செத்தபோதுகூட. இப்போதும் பார்க்கவில்லை, பலகைதான் முன்னால் நின்றது. முழங்காலையும் மறந்து எழும்பினேன். காலில் நீலப் பிளாஸ்டிக் உறை வழுக்க, சுவரைப் பிடித்து, நடையைச் சுற்றி, பெண்களின் அறைக்குள் போனேன். அவர் கண்ணாடியைச் சேட்டில் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"ஏன்ரா ஓடி வாறாய்? விழுந்து காலை முறிக்கப்போறாய்" என்று கத்தினார்.

நான் அவருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் என் முதுகில் இரண்டு அடி போட்டார், நோகத்தான் போட்டார். படியில் சனம் இறங்கி வந்தது. எங்கள் பெண்கள் இரண்டுபேரும் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், மற்றவர்களை வேறு பக்கத்தால் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு முன்னால் அவருடைய பழைய நீலச் சேட், அதன் பொத்தான், அவ்வளவுதான் தெரிந்தது. ஆனால் நான் கண்டுகொண்டிருந்தது கர்க்லாண்டில் ஒரு பெப்ரவரி மாலை, திறந்த கதவு, வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டிக்கொண்டு நிற்கிற ஒரு மனுசன். என் மகளின் கல்யாணத்துக்கென்று முதன்முதலில் வேட்டி கட்டியவர் என் அண்ணை. நான்தான் நின்று பார்க்கவில்லை.